எபேனில் எட்டு வாரங்கள்: கலப்புப் பணிக்கான தலைமைப் பயிற்சி, ஒரு மதிப்புரை

வாரத்தில் சில நாள் அலுவலகத்திலும் சில நாள் வீட்டிலும் வேலை செய்யும் அணிகளை நடத்துவோருக்காக, மொரீஷியஸின் எபேன் நகரில் உள்ள ஒரு பயிற்சி மையம் எட்டு வாரப் பயிற்சி ஒன்றை நடத்திவருகிறது. சென்ற ஆண்டு ஆகஸ்டில் அதில் சேர்ந்து செப்டம்பர் கடைசியில் முடித்தேன். சான்றிதழ் கைக்கு வந்த அன்றே எழுதியிருந்தால் பயிற்றுநரின் பேச்சுத்திறமையைப் பற்றித்தான் எழுதியிருப்பேன். கற்றவற்றில் எது என் அணியில் நிலைத்தது, எது இரண்டாம் வாரமே காணாமல் போனது என்று பார்த்துவிட்டு எழுதலாம் என ஆறு மாதம் காத்திருந்தேன். குறைகளையும் சொல்லவேண்டியிருப்பதால் மையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே போன்ற பயிற்சியில் சேர நினைக்கும் அணித்தலைவர்கள் பணம் கட்டும் முன் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே எனக்கு முக்கியம்.

என் அணி எத்தகையது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் உள்ள காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு வரும் இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் 14 பேருக்கு நான் பொறுப்பு. கடிகாரத்தைப் பொறுத்தவரை நாங்கள் பாரிசுக்குக் கட்டுப்பட்டவர்கள். அங்கே கோடையாக இருக்கும்போது நமக்கும் அவர்களுக்கும் இரண்டு மணி நேர வேறுபாடு. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதும் அது மூன்று மணி நேரமாகிவிடும். அவர்கள் மாலை 5 மணிக்குக் கணினியை அணைக்கும்போது இங்கே இரவு 8 மணி. அந்நேரத்துக்குப் பெரும்பாலான வழித்தடங்களில் பேருந்து ஓய்ந்துவிடும் என்பது இந்தத் தீவில் வேலைக்குப் போகும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே கம்பெனி வேனுக்காகக் காத்திருந்து, ஒவ்வொருவராக இறங்கிய பின், ஃபிளாக் பக்கத்தில் இருப்பவர் வீடு சேர இரவு ஒன்பதரை ஆகும்.

2020 மார்ச் 20-ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியபோது இந்த வேன் நின்றது. நாங்கள் எல்லோரும் ‘கொன்ஃபின்மான்’ என்று சொல்லும் அந்த மாதங்களில், சமையலறை மேசைகளிலும் படுக்கை விளிம்புகளிலும் உட்கார்ந்தபடி அதே வேலையைச் செய்யக் கற்றுக்கொண்டோம். அந்த ஆண்டே 2019-இன் தொழிலாளர் உரிமைச் சட்டத்தில் திருத்தம் வந்தது. 48 மணி நேர முன்னறிவிப்புக் கொடுத்து ஊழியரை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொல்ல முதலாளிக்கு வழி ஏற்பட்டது. ஊரடங்கு முடிந்த பின்னும் எங்கள் அணி பெரும்பாலும் வீட்டிலேயே இருந்தது. பிறகு ஒருநாள், இனி வாரத்துக்கு மூன்று நாள் அலுவலகம் வர வேண்டும் என மேலிடம் முடிவெடுத்தது. அதை அணிக்கு அறிவிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை, ஆறு வரி மின்னஞ்சலாக அதை அனுப்பிவிட்டு நான் வீட்டுக்குப் போய்விட்டேன். ஒரு மாதத்துக்குள் இருவர் விலகினார்கள். இருவருமே ஏழெட்டு ஆண்டு அனுபவம் உள்ளவர்கள். அவர்களை இழந்தது மூன்று நாள் என்ற கணக்கினால் மட்டுமல்ல, நான் சொன்ன விதத்தினாலும்தான் என்ற எண்ணம் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தப் பயிற்சியின் விளம்பரத்தைப் பார்த்தேன்.

பயிற்சியில் நாங்கள் 18 பேர். வங்கி, மென்பொருள், அழைப்பு மையம், ஓட்டல் நிர்வாகம் எனப் பல துறைகளிலிருந்தும் வந்திருந்தார்கள். நான்கு முழு நாள் வகுப்புகள் எபேனில் நேரடியாக நடந்தன. இடைப்பட்ட நான்கு வாரங்களில் இரண்டு மணி நேர இணைய அமர்வுகள். வகுப்பு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் நடந்தாலும், யாராவது தன் அணியில் நடந்த உண்மையான சிக்கலைச் சொல்லத் தொடங்கியதும் பேச்சு தானாக நம் தீவின் அன்றாடப் பேச்சுமொழியான கிரியோலுக்கு மாறிவிடும். பயிற்றுநர் அதைத் தடுக்கவில்லை. அது நல்ல முடிவு.

முதல் நாள் முற்பகலில் நடந்த பயிற்சி ஒன்றுக்காகவே கட்டிய பணம் தகும் என்பேன். எங்கள் அணியில் எழுதப்படாமல் இருக்கும் விதிகளை எல்லாம் எழுதச் சொன்னார்கள். செய்திக்கு எத்தனை நிமிடத்தில் பதில் வர வேண்டும், கூட்டத்தில் கேமராவை எப்போது திறந்துவைக்க வேண்டும், மதிய உணவுக்கு எழுந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், அவசரம் என்றால் எது அவசரம், உடல்நலமில்லாமல் வீட்டில் இருப்பவர் வேலை செய்ய வேண்டுமா கூடாதா என்று இருபது கேள்விகள். அரை மணி நேரத்தில் நிரப்பிவிட்டேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் தெளிவான விடை இருந்தது. பிறகு அதே இருபது கேள்விகளை, என் விடைகளைக் காட்டாமல், அடுத்த வாரத்துக்குள் அணியில் உள்ளவர்களிடம் பெயர் எழுதாமல் நிரப்பி வாங்கிவரச் சொன்னார்கள்.

வந்த தாள்களைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இரவு 8 மணிக்கு மேல் வரும் செய்திக்கு மறுநாள் பதில் சொன்னால் போதும் என்பது என் விதி. அதை வாயாலும் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் 14 பேரில் 11 பேர், சில நிமிடங்களுக்குள் பதில் சொல்லாவிட்டால் நான் வருத்தப்படுவேன் என்று எழுதியிருந்தார்கள். ஏன் அப்படி நினைத்தார்கள் என்பதற்கு என் கைப்பேசியே சாட்சி: அந்த மாதம் முழுவதும் இரவு ஒன்பதரைக்கும் பத்துக்கும் அணியின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி அனுப்பியவள் நான்தான். மறந்துவிடக் கூடாதே என்று எனக்கு நானே குறிப்பு எழுதுவதாக நினைத்து அனுப்பியவை அவை. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் அவற்றைப் பார்த்தவர்களுக்கு அவை உத்தரவுகளாகத் தெரிந்திருக்கின்றன. எங்கள் வாடிக்கையாளர் நிறுவனத்தின் ஊழியர்களுக்கோ, வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை 2017 ஜனவரி 1 முதல் பிரெஞ்சுச் சட்டப்படியே இருக்கிறது. அவர்கள் கணினியை அணைத்துவிட்டுப் போன பின் நான் என் ஆட்களை விழித்திருக்க வைத்திருக்கிறேன்.

இந்த விடைத்தாள்களை வைத்து அணியோடு உட்கார்ந்து ஒரே பக்கத்தில் உடன்படிக்கை எழுதுவது அடுத்த படி. எப்படி உட்காருவது, யார் முதலில் பேசுவது, தலைவர் எப்போது வாயைத் திறக்கக் கூடாது என்பது வரை மையம் நன்றாகச் சொல்லிக்கொடுத்தது. அலுவலகம் வரும் மூன்று நாள் எவை என்பதில் தகராறு வரும் என்று எதிர்பார்த்துப் போனேன். நாள்களைப் பற்றிய பேச்சு கால் மணி நேரத்தில் முடிந்தது. மீதி ஒன்றே முக்கால் மணி நேரமும், வந்த நாளில் என்ன செய்வது என்பதைப் பற்றித்தான். ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, வீட்டில் செய்யும் அதே கோரிக்கைகளை வரிசையாகச் சரிபார்த்துவிட்டுப் போவதற்கு எதற்காக வர வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இப்போது செவ்வாயும் புதனும் சிக்கலான கோரிக்கைகளை இருவர் இருவராகச் சேர்ந்து பார்ப்பதற்கும், புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதற்கும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. வியாழன் மட்டும் அவரவர் வேலை. உடன்படிக்கையின் முதல் வரி என்னைப் பற்றியது: இரவு 8 மணிக்குப் பின் குழுவில் எதையும் எழுதுவதில்லை. தோன்றுவதைக் காகிதத்தில் குறித்துவைத்து மறுநாள் காலையில் அனுப்புகிறேன்.

இரண்டாம் நாளில் ஆய்வுகளைப் பற்றிய அமர்வு. இங்கே மையத்தின் மீது எனக்குக் கடுமையான குறை உண்டு. பயிற்றுநர் விரிவாக எடுத்துரைத்தது, பயண முன்பதிவு நிறுவனமான டிரிப்.காம் நடத்திய சோதனையை. ஷாங்காயில் உள்ள அதன் தலைமையகத்தில் 2021-22-இல் 1,612 ஊழியர்களைப் பிறந்த தேதி ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு மட்டும் புதனும் வெள்ளியும் வீட்டிலிருந்து வேலை செய்ய ஆறு மாதம் அனுமதி கொடுத்தார்கள். அந்தப் பாதியில் வேலையை விட்டுப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். பணித்தர மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் இரு பாதிக்கும் வேறுபாடு தெரியவில்லை. சோதனைக்கு முன், இதனால் செயல்திறன் 2.6 விழுக்காடு குறையும் என்று சராசரியாகக் கணித்த மேலாளர்கள், முடிவில் 1 விழுக்காடு கூடும் என்று சொன்னார்கள். 2024-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான நல்ல ஆய்வு இது. பயிற்றுநர் சொன்ன எண்கள் எல்லாம் சரியானவை.

ஆனால் அந்த 1,612 பேர் பொறியியல், சந்தைப்படுத்தல், நிதி போன்ற பிரிவுகளில் இருந்த பட்டதாரிகள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அழைப்பு மையங்களையும் எங்களுடையதைப் போன்ற பின்னணி அலுவலகங்களையும் நடத்துகிறவர்கள். நமக்கு நெருக்கமான சோதனையை அதே நிறுவனம், சிட்ரிப் என்ற பழைய பெயரில் இருந்தபோது, 2010-இல் தன் அழைப்பு மைய ஊழியர்களை வைத்தே நடத்தியிருக்கிறது; இரண்டையும் ஆராய்ந்தவர்களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் புளூம் இருக்கிறார். வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் செயல்திறன் ஒன்பது மாதங்களில் 13 விழுக்காடு உயர்ந்தது. அதில் பெரும்பகுதி, இடைவேளையும் விடுப்பும் குறைந்து வேலை செய்த நிமிடங்கள் கூடியதால் வந்தது. ஆனால் அதே அளவு திறமையாக வேலை செய்தும், வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு வாய்ப்புக் குறைந்தது. சோதனை முடிந்து எல்லோருக்கும் தேர்வுரிமை கொடுத்தபோது பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்கள் முந்தைய விருப்பத்தை மாற்றிக்கொண்டார்கள். வீட்டில் இருந்தவர்கள் சொன்ன குறைகளில் தனிமை முதன்மையானது. இவை எதுவும் வகுப்பில் வரவில்லை. உணவு இடைவேளையில் நான் கேட்டபோது, நேரம் போதாததால் புதிய ஆய்வை மட்டும் எடுத்துக்கொண்டதாகப் பயிற்றுநர் சொன்னார். அது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

காரணம் இதுதான். அந்தப் பழைய சோதனையில் சேர ஒருவருக்கு வீட்டில் தனி அறை இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நம் தீவில் அந்த ஒரு நிபந்தனையை வைத்தாலே அணியில் எத்தனை பேர் தேறுவார்கள்? மேல்மாடியில் அண்ணன் குடும்பம், கீழ்த்தளத்தில் பெற்றோர், நடுவில் ஒரே கூடத்தில் தொலைக்காட்சியும் பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் என்று வாழ்கிறவர்கள் நாம். என் அணியில் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்யக்கூடியவர்கள் ஐந்து பேர் மட்டுமே என்பது, இந்தப் பயிற்சி முடிந்த பிறகு நானாகக் கேட்டபோதுதான் தெரிந்தது. வாரத்துக்கு மூன்று நாள் அலுவலகம் என்ற அறிவிப்பு மற்றவர்களில் சிலருக்கு நிம்மதியாகக்கூட இருந்திருக்கிறது. எல்லோரும் வீட்டையே விரும்புவார்கள் என்று எண்ணி மன்னிப்புக் கேட்கும் குரலில் மின்னஞ்சல் எழுதிய நான், அவர்களையும் புரிந்துகொள்ளவில்லை. வீட்டுச் சூழலைப் பற்றி ஒரு மணி நேரமாவது பேசாமல் கலப்புப் பணியைக் கற்பிக்க முடியாது. இந்த எட்டு வாரத்தில் அதற்கு இடமே இல்லை.

மாற்றத்தை வழிநடத்துவது பற்றிய மூன்றாம் நாள், இதற்கு நேர்மாறாக, மனத்தில் நின்றது. 1947-இல் உளவியலாளர் குர்ட் லெவின் எழுதிய உருக்குதல், மாற்றுதல், உறையவைத்தல் என்ற மூன்று படிகளை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார்கள், அது போதும். பிறகு, மாற்றத்தைப் பற்றி எழுதிய ஆலோசகர் வில்லியம் பிரிட்ஜஸ் சொன்ன வேறுபாட்டுக்கு வந்தார்கள். மாற்றம் என்பது வெளியே நடப்பது, ஒரு தேதியில் நடந்துவிடும். அதை உள்ளே ஏற்றுக்கொள்வது வேறு, அது பழையதன் முடிவில் தொடங்கி, நடுவே இரண்டுங்கெட்டான் காலம் ஒன்றைக் கடந்து, பிறகுதான் புதிய தொடக்கத்துக்கு வரும் என்கிறார் அவர். ஆகவே புதியதைப் பற்றிப் பேசும் முன், யாருக்கு எது முடிந்துபோகிறது என்று கேட்க வேண்டும். இதையே வீட்டுப்பாடமாகக் கொடுத்து அனுப்பினார்கள்: அணியில் ஒவ்வொருவரிடமும் கால் மணி நேரம் பேச வேண்டும், ஒரே கேள்வி கேட்க வேண்டும், இதனால் நீங்கள் இழப்பது என்ன என்று. தீர்வு சொல்லக் கூடாது. எழுதிக்கொள்ள மட்டும் வேண்டும்.

இரண்டு வாரமாக அந்தப் பேச்சுகளை நடத்தினேன். பக்கவாதம் வந்த தாய்க்குப் பிற்பகல் இரண்டு மணிக்கு மருந்து கொடுப்பதை இழக்கிறேன் என்றார் ஒருவர். பிள்ளை பள்ளியிலிருந்து வரும்போது வாசலில் நிற்பதை, என்றார் இன்னொருவர். மாஹேபூரிலிருந்து வரும் இளைஞர், மாலையில் கடற்கரையில் ஓடுவதை இழக்கிறேன் என்று சொல்லிவிட்டு, இது ஒரு காரணமா என்று அவரே தயங்கினார். மொரீஷியஸைச் சேர்ந்த, தொலைவில் உள்ள சிறிய தீவான ரோட்ரிக்ஸிலிருந்து வந்தவர் ஒருவர் எங்கள் அணியில் இருக்கிறார். 2019-இல் கடலடி இணைய வடம் ரோட்ரிக்ஸை எட்டிய பிறகு, ஊரடங்குக் காலத்தைச் சொந்த ஊரில் கழித்து அங்கிருந்தே வேலை செய்தவர் அவர். அவர் சொன்னது: “மிஸ், நான் வேலைக்காக ஊரை விட்டு வரவேண்டியதில்லை என்று மூன்று வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.” வேன் இறங்கும் வரிசையைப் பற்றி நால்வர் பேசினார்கள். முதலில் ஏறுகிறவரே கடைசியில் இறங்கும்படி வழி அமைந்திருந்ததை இத்தனை ஆண்டுகளாக யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விலகிப்போன இருவரிடம் இந்தக் கால் மணி நேரத்தைச் செலவிட்டிருந்தால் அவர்கள் இருந்திருப்பார்களா என்று சொல்ல முடியாது. செலவிட்டிருக்க வேண்டும்.

பயிற்சிக்குப் பின் எனக்கு வந்த முதல் சோதனை அக்டோபர் கடிகார மாற்றம். ஆண்டுதோறும் நடப்பதுதான்; வேலை நேரம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும் என்று ஒரு வரி அனுப்புவதே வழக்கம். இம்முறை மூன்று வாரம் முன்பே அணியைக் கூட்டி, யாருக்கு என்ன இடையூறு என்று கேட்டேன். வேன் வழியை மாற்றினோம். மருந்து கொடுக்க வேண்டியவருக்கு வியாழக்கிழமையை வீட்டு நாளாக மாற்றிக்கொடுத்தோம். இந்த இரண்டுக்கும் மேலிடத்தில் அனுமதி வாங்க நான் இரண்டு முறை போய் நிற்க வேண்டியிருந்தது. அணித்தலைவர் மேலே எப்படிப் பேசுவது என்பதையும் பயிற்சி தொட்டிருக்கலாம். நடுவில் நிற்பவர்களுக்கு அதுதான் பாதி வேலை. தாம் எடுக்காத முடிவை அறிவிக்கும் நிலையில்தான் அந்த வகுப்பில் இருந்த பெரும்பாலோர் இருந்தோம். நாங்களே முடிவெடுப்பவர்கள் என்பது போலவே பாடத்திட்டம் முழுவதும் எழுதப்பட்டிருந்தது.

கலப்புக் கூட்டம் பற்றிய அமர்வைத் தனியே பாராட்ட வேண்டும். ஆறாம் வார இணைய அமர்வில் எங்களில் பத்துப் பேரை மையத்துக்கு வரச்சொல்லி, எட்டுப் பேரை வீட்டில் இருக்கச் செய்து, ஒரே கூட்டமாக நடத்தினார்கள். நான் வீட்டுப் பக்கம். அறையில் இருந்தவர்கள் மேசையின் ஓரத்தில் பேசிச் சிரித்தது காதில் விழுந்தது, எதற்கு என்று புரியவில்லை. பலகையில் எழுதியது திரையில் தெரியவில்லை. நான் இருமுறை பேச வாயெடுத்தேன், இருமுறையும் அறையில் யாரோ முந்திக்கொண்டார்கள். நாற்பது நிமிடத்தில் கைப்பேசியை நோண்டத் தொடங்கிவிட்டேன். என் அணியில் வீட்டிலிருந்து சேர்கிறவர்கள் ஏன் பேசுவதில்லை என்று நான் குறைப்பட்டுக்கொண்டதற்கு விடை கிடைத்தது. பிறகு இரண்டு கூட்டத்தாரையும் இடம் மாற்றிவிட்டார்கள். அறைக்குள் போனவர்கள் அடுத்த பத்து நிமிடத்தில் திரையில் இருப்பவர்களை மறந்துபோனதையும் காட்டினார்கள். ஒருவர் திரையில் இருந்தாலும் எல்லோரும் அவரவர் திரையிலிருந்தே சேர வேண்டும், முதல் பேச்சு தொலைவில் இருப்பவருடையது என்ற இரு விதிகளை அன்றே எங்கள் அணியில் நடைமுறைப்படுத்தினேன். செவ்வாய்க் கூட்டங்களில் இப்போது பேசுவோர் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடியிருக்கிறது.

மென்பொருள்களைப் பற்றிய அமர்வு வீண். டீம்ஸ், ஜூம் போன்றவற்றில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை இரண்டு மணி நேரம் காட்டினார்கள். அதை எந்த இளம் ஊழியரும் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுப்பார். வீட்டில் இருப்பவரின் திரையைக் கண்காணிக்கும் மென்பொருள்களைப் பற்றி ஒருவர் கேட்டபோது மட்டும் பேச்சு சூடுபிடித்தது. தம் ஆட்கள் உழைக்கிறார்கள் என்று நம்பக் கலப்புப் பணியினால் கடினமாக இருக்கிறது என 85 விழுக்காடு தலைவர்கள் சொன்னதையும், தாம் நன்றாக உழைப்பதாக 87 விழுக்காடு ஊழியர்கள் சொன்னதையும் 2022-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட கருத்தாய்விலிருந்து பயிற்றுநர் எடுத்துக்காட்டினார். இந்த இடைவெளியைக் கண்காணிப்பால் அடைக்க முடியாது என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுவே. கோரிக்கை சரியாகப் பார்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும், சுட்டி அசைந்ததா என்று பார்க்கத் தேவையில்லை. இந்த விவாதத்துக்கு முழு அமர்வையும் கொடுத்திருக்கலாம்.

விட்டுப்போனவற்றில் எனக்கு மிகவும் வியப்பளித்தது புயல். ஆண்டுதோறும் நவம்பர் முதல் மே வரை எந்த நாளும் வானிலை எச்சரிக்கை வரக்கூடிய தீவு இது. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலின்போது தலைநகர் போர்ட் லூயித் தெருக்களில் வெள்ளம் கார்களை அடித்துக்கொண்டு போனதையும், வேலைக்கு வந்தவர்கள் வீடு திரும்பத் திண்டாடியதையும் நாம் எல்லோரும் பார்த்தோம். அலுவலகத்துக்கு வரவேண்டிய நாளில் எச்சரிக்கை வந்தால் முடிவை யார் எடுப்பது, எத்தனை மணிக்குள், மின்சாரம் போனவருக்கு அன்றைய கணக்கு எப்படி என்பவை இங்கே கலப்புப் பணியின் அடிப்படைக் கேள்விகள். வெளிநாட்டில் தயாரித்த பாடத்தை அப்படியே கொண்டுவந்திருக்கிறார்கள் என்பது இந்த இடத்தில் வெளிப்பட்டது. பனிப்பொழிவு நாளுக்கான உதாரணம் ஒன்று கையேட்டில் இருந்தது! இறுதிக் கருத்துப் படிவத்தில் இதை நான் விரிவாக எழுதினேன். அடுத்த குழுவுக்குச் சேர்ப்பதாகச் சொன்னார்கள்.

இடவசதியைப் பற்றிச் சுருக்கமாக. எபேனில் வண்டி நிறுத்த இடம் தேடுவது எல்லோருக்கும் தெரிந்த துன்பம். ரோஸ் ஹில்லிலிருந்து எபேன் வழியாக ரெடுயிக்குப் போகும் மெட்ரோ பாதை 2023-இல் திறக்கப்பட்டதால் அதில் போவதே நல்லது, நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரம்தான். அறை வெளிச்சமாக இருந்தது. குளிரூட்டியைத்தான் யாராலும் கட்டுப்படுத்த முடியவில்லை. கடைசி நேரடி வகுப்பு புரட்டாசி விரத நாளில் வந்தது. எங்களில் நால்வர் சைவம் என்று முன்னதாகச் சொல்லியிருந்ததால் தனிச் சமையலில் வரவழைத்த சாப்பாட்டை அக்கறையோடு வைத்திருந்தார்கள். சிறிய காரியம்தான், ஆனால் பதிவுப் படிவத்திலேயே அதைக் கேட்ட இடம் இது ஒன்றுதான்.

கட்டணம் ஒருவருக்கு 38,000 மொரீஷியஸ் ரூபாய். மனித வள மேம்பாட்டு மன்றத்தின் பயிற்சி நிதியிலிருந்து ஒரு பகுதியை உங்கள் நிறுவனம் திரும்பப் பெற வழி உண்டு. வகுப்பு தொடங்கும் முன்பே விண்ணப்பிக்கச் சொல்லி உங்கள் மனித வளப் பிரிவை நச்சரியுங்கள். சொந்தப் பணம் கட்டுவதாக இருந்தால், முதல் நாளையும் மூன்றாம் நாளையும் மட்டும் தனியாகத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். எட்டுப் பேருக்கு மேற்பட்ட அணியை நடத்துகிறவர்களுக்கும், மேலிடத்து முடிவு ஒன்றை இனிமேல்தான் அறிவிக்கப்போகிறவர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நான்கைந்து பேர் கொண்ட சிறிய அணிக்கு இவ்வளவு தேவையில்லை. அந்த இருபது கேள்விகளை எழுதி ஒரு பிற்பகல் சேர்ந்து உட்கார்ந்தால் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

ஆறு மாதத்துக்குப் பின் ஒரு நாள் எல்லோரையும் திரும்ப அழைத்து, உடன்படிக்கையில் எது நடக்கிறது, எது தேய்ந்துவிட்டது என்று பார்க்கும் அமர்வு ஒன்றும் இருக்கிறது. அது கட்டணத்தில் சேராது, தனியாகக் கட்ட வேண்டும் என்பதைச் சேரும்போது யாரும் சொல்வதில்லை. எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் கட்டிவிட்டேன். வருகிற மாதம் என் துணைத்தலைவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். ரோட்ரிக்ஸ்காரருக்கு மாதத்தில் ஒரு வாரம் ஊரிலிருந்தே வேலை செய்ய அனுமதி கேட்டு மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தின் நகல் என் பையில் இருக்கிறது. அதற்கு இன்னும் பதில் வரவில்லை.